ஸ்டான்ஸில் ஒரு கதிரைக்கு இழுபறி

எண்பதுகளின் நடுப்பகுதி, ஏப்ரல் மாதக் கடைசி ஞாயிறு. காலை ஒன்பது மணிக்குப் பிறகு லுசேர்ணிலிருந்து சின்ன ரயிலில் மூன்று பேர் புறப்பட்டோம்: நான், என்னோடு ஹோட்டல் குசினியில் பாத்திரம் கழுவும் சிவம் அண்ணை, அதே குசினியில் அடுப்பில் பாண் சுடும் யோசெப். போன இடம் ஸ்டான்ஸ், நிட்வால்டன் என்ற குட்டி மாநிலத்தின் தலைநகர். இருபது நிமிட ஓட்டந்தான். அங்கே வாக்காளர் எல்லோரும் ஒரு திறந்த வெளியில் கூடி, கை உயர்த்தித் தங்கள் ஆட்சியாளரைத் தெரிவு செய்வார்கள். யோசெப்பின் தமையன் கார்ல் அன்று ஆட்சிக் குழுவில் ஒரு கதிரைக்குப் போட்டியிட்டார்.

ஹெர்கிஸ்வில்லில் ரயில் ஏரியை உரசிக்கொண்டு போனது. கரையோரப் புது வீடுகளைக் காட்டி, யோசெப் டொச் மொழியில் பொருமினான். கரை ஊர்களில் கந்தோரில் எழுத்து வேலை பார்ப்பவர்கள். மேலே பள்ளத்தாக்கில், யோசெப் வீட்டாரைப் போல மாடு வளர்ப்பவர்கள். முந்தி மேலே இருந்தவர்கள் கைகாட்டினால் காரியம் முடிந்ததாம். கரையில் சனம் பெருகியபிறகு ஒவ்வொரு தேர்தலும் இழுபறி. இன்று கார்ல் தோற்றால் அவர்கள் ஊருக்கு ஆட்சியில் ஆளில்லை. இதையெல்லாம் தமிழாக்கிச் சிவம் அண்ணைக்குச் சொல்லும்போதே எனக்கு வயிறு எரியத் தொடங்கிவிட்டது. ஊரில் எங்கள் தொகுதியின் பாராளுமன்றக் கதிரை, எங்கள் கட்சி உறுப்பினர்கள் பதவி இழந்த எண்பத்து மூன்றிலிருந்து வெறுமையாய்க் கிடக்கிறது. இவர்களுக்கோ சண்டை பிடிக்க ஒரு கதிரை இருக்கிறது.

ஸ்டான்ஸிலிருந்து நடந்து வில் என்ற இடத்தை அடைந்தோம். மரங்களும் தாழ்ந்த சுவரும் சூழ்ந்த வட்ட வெளி. வாக்குள்ள ஆணும் பெண்ணும் உள்ளே. நாங்கள் இருவரும், லுசேர்ணில் குடியேறி இங்கே வாக்கை இழந்த யோசெப்பும் சுவருக்கு வெளியே, உல்லாசப் பயணிகளோடு. காவலுக்கு நின்ற பொலிஸ்காரர் சாவகாசமாய்ச் சுருட்டுப் புகைத்தார். அந்தச் சுருட்டைப் பார்த்தும் பொறாமைப்பட்டேன்.

கார்லின் பெயரைக் கூப்பிட்டதும் கைகள் எழுந்தன. திரும்பினால் சிவம் அண்ணையின் கையும் மேலே நிற்கிறது. ஊரில் கட்சிக்காக வீடு வீடாய் ஏறி இறங்கியவர் அவர். பிறகு சொந்த வீட்டில் படுக்கவே பயந்து இங்கே வந்தவர்.

“அண்ணை, கையை இறக்குங்கோ. இஞ்ச இருக்கிற பெர்மிட்டுக்குப் பிரச்சினை வரும்.”

“சுவருக்கு இஞ்சால நிக்கிற கையை ஆர் எண்ணப் போகினம்? கொஞ்சம் நிக்கட்டும், தம்பி.”

நான்தான் பிடித்து இறக்கினேன்.

அடுத்துக் கார்லுக்கு எதிராக நின்ற கரை ஊர்க்காரருக்கும் கைகள் எழுந்தன. மேடையில் சிவப்பு வெள்ளை அங்கி அணிந்த அரச சேவகர் கைகளைக் கண்ணாலேயே மதிப்பிட்டார். நிச்சயமில்லாமல் இரண்டாம் தரமும் கேட்டார். பிறகு கரைக்காரருக்கே பெரும்பான்மை என்றார். யாராவது மேடையில் பாய்வார்கள் என்று பார்த்தேன். யோசெப் ஒரு கெட்ட வார்த்தை சொன்னான், அவ்வளவுதான்.

மத்தியானம் சாப்பாட்டுக் கடையில் கோப்பி இரண்டு பிராங் ஐம்பது. கார்ல் முகம் சிவந்து வந்தார். வென்றவர் வைன் வாங்கிக் கொடுத்தார். கார்ல் அதைக் குடித்துக்கொண்டே, உனக்குக் கை தூக்கியவர்களில் பாதிப்பேர் நேற்று வந்து குடியேறியவர்கள் என்று அவரையே ஏசினார். மற்றவர் சிரித்து இன்னும் ஊற்றினார்.

“தோத்தவர் என்ன சொல்லுறார்?” என்று சிவம் அண்ணை கேட்டார்.

“அடுத்தமுறையும் நிப்பாராம். பின்னேரம் மாட்டுக்குப் பால் கறக்கவேணுமாம், வீட்ட போறாராம்.”

கார்ல் தொப்பியைப் போட்டுக்கொண்டு தனியாகவே நடந்து போனார். வளைவில் மறையும்வரை சிவம் அண்ணை அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பும் ரயிலில் ஏரி வந்தபோது சிவம் அண்ணை சொன்னார்:

“தோத்தாலும் இப்பிடித் தோக்கவேணும், தம்பி.”