உப்புக் கஞ்சி குடித்த புங்கன்

எங்கள் தெருவில் அப்போது மரமே கிடையாது. விழுப்புரத்தில் ரயில் ரோட்டுக்குப் பின்னால், இரண்டு பக்கமும் தகரக் கூரை. சித்திரை மத்தியானத்தில் வீட்டுக்குள் உட்காருவதும் தோசைக்கல்லில் உட்காருவதும் ஒன்றுதான். அம்மா நகராட்சியில் தெரு பெருக்குகிறவள். அவளுக்குக் கொடுத்தது ஆபீசர்கள் குடியிருக்கிற ரோடு. அங்கே வரிசையாக மரங்கள். காலையெல்லாம் அந்த நிழலில் இலை கூட்டிவிட்டு, வெயில் ஏறுகிற நேரத்துக்கு எங்கள் தகரத்துக்குத் திரும்புவாள்.

ஒருநாள் அந்த ரோட்டிலேயே இன்னும் கன்று வைக்கக் காலேஜ் பிள்ளைகளும் நகராட்சி ஆட்களும் வந்தார்கள். அம்மா விளக்குமாற்றைப் போட்டுவிட்டு அவர்கள் முன்னால் போய் நின்றாளாம்.

"இங்கதான் இம்மாம் நிழல் கீதே சார். எங்க தெருவுலயும் நாலு எலை கொட்டட்டும். நானே பெருக்கிக்கிறேன்."

அடுத்த வாரம் எங்களுக்குப் பன்னிரண்டு புங்கன் கன்றுகள் வந்தன. குழி வெட்டியது தெருக்காரர்கள், கம்பிக் கூண்டு நகராட்சியுடையது, கன்று காலேஜ் பிள்ளைகளுடையது. கூண்டுக்குக் கூண்டு ஒரு தகடு. அதில் அந்த வீட்டுப் பிள்ளையின் பெயர், கீழே 'புங்கன்'. மழைக்கு முன்னால் வந்து பார்ப்போம், எல்லாம் பிழைத்திருந்தால் பின்தெருவுக்கும் தருவோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து பின்தெருக்காரர்கள் எங்கள் கன்றுகளை எங்களைவிட அக்கறையாகப் பார்த்தார்கள்.

குழாய்த் தண்ணீர் இரண்டு நாளைக்கு ஒருமுறை. அதனால் அம்மா ஒரு சட்டம் போட்டாள்: எல்லா வீட்டிலும் அரிசி கழுவின தண்ணீர் இனிமேல் கன்றுக்குத்தான். ஊற்றுவது பிள்ளைகள் வேலை.

எதிர்வீட்டுப் பெரியம்மா மகளின் கன்று என்னுடையதைவிட ஒரு விரல் உயரம். "உன்னுது நோஞ்சான்டி, உன்ன மாரியே" என்பாள். எனக்குப் பொறுக்கவில்லை. காய்ச்சலில் கிடந்த என்னை அம்மா உப்புப் போட்ட வடிகஞ்சி கொடுத்துத்தான் தேற்றியிருந்தாள். அரிசி கழுவின தண்ணீரில் என்ன சத்து இருந்துவிடப் போகிறது? அம்மா சோறு வடித்துவிட்டுக் குளிக்கப் போகிற நேரம் பார்த்து, ஆவி பறக்கிற கஞ்சியில் இரண்டு கை உப்பை அள்ளிப் போட்டு, ருசிகூடப் பார்த்து, வேரில் ஊற்றினேன். ஒருநாள் இல்லை, ஒரு வாரம். எனக்கு வைத்த கஞ்சியையும் அதற்கே கொடுத்தேன்.

எட்டாம் நாள் ஒரு இலைகூட இல்லை.

"பூட்டுச்சுடி உன் மரம்! உன்னாலதான் பின்தெருவுக்குக் கெடைக்காது" என்று பெரியம்மா மகள் தெருவுக்கே கேட்கக் கத்தினாள். நான் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டேன்.

அம்மா குனிந்து பார்த்தாள். வேரைச் சுற்றி வெள்ளையாகக் காய்ந்த கஞ்சி, மொய்க்கிற எறும்பு. அடிப்பாள் என்று காத்திருந்தேன். அவள் என்னை வெளியே இழுத்து மூக்கைத் துடைத்துவிட்டாள்.

"சாவலடி. வயிறு ரொம்பித் தூங்கிக்கினு கீது."

பழைய சேலை ஒன்றைக் கூண்டைச் சுற்றிக் கட்டினாள். பத்து நாளைக்கு யாரும் திறந்து பார்க்கக் கூடாது என்றாள். தண்ணீர்கூட அவள்தான் ஊற்றினாள்.

சேலையை அவிழ்த்த அன்று தெருவே கூடி நின்றது. உள்ளே பச்சைப் பசேலென்று இலை. நான் குதித்த குதியில் ஒரு கால் செருப்பு சாக்கடையில் போனது. ஆனால் இடுப்பு உயரம் இருந்த கன்று முழங்கால் அளவுதான் இருந்தது.

"குட்டியாயிட்ச்சேம்மா?"

"நோவுல கெடந்து எழுந்தா எளைக்க மாட்டாங்களா? நீ எளைக்கல?"

பெரியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் மகள் ஏதோ சொல்ல வந்தாள். தலையில் ஒரு கொட்டு விழுந்தது.

சொன்னபடி காலேஜ் பிள்ளைகள் வந்தார்கள். என் கூண்டருகே ஒரு அக்கா குனிந்து தகட்டைப் படித்தாள், இலையைத் தொட்டாள், அம்மாவைப் பார்த்தாள். "இது..." என்று ஆரம்பித்தவள், அம்மா கண்ணாலேயே என்னைக் காட்டியதும் நிறுத்திக்கொண்டாள். சிரிப்பை அடக்கியபடி, "பன்னெண்டும் உயிரோட இருக்கு" என்று நோட்டில் எழுதினாள். பின்தெருவுக்குக் கன்று வந்தது. அதற்கு அடுத்த தெருவுக்கும் அம்மாவே போய்ப் பேசினாள்.

தெரியவேண்டியது எனக்கு எந்த வயதில் தெரிந்தது என்று சொல்ல முடியவில்லை. அம்மாவிடம் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை.

போன மாசி மாதம் அம்மாவை அந்த மரத்தடியில்தான் கிடத்தினோம். பந்தல் போட வேண்டியிருக்கவில்லை. அவளோடு பெருக்குகிற அக்கா ஒருத்தி மரத்தைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "உங்கம்மா இத்த ஆபீசர் ரோட்டுலேந்து வேரோட தோண்டி, குப்ப வண்டியில வெச்சித் தள்ளிக்கினு வந்தா. எம் பொண்ணு அழுவறாடின்னா."

சுடுகாட்டிலிருந்து திரும்பியவர்கள் வாயில் போட வேப்பிலை கேட்டார்கள். நான்தான் அந்த மரத்தின் கிளையையே வளைத்து ஒடித்தேன். மரப்பட்டை பாதி விழுங்கிய தகட்டில் என் பெயரும் 'புங்கன்' என்பதும் இன்னும் இருக்கின்றன.

இப்போது இலை கொட்டுகிற காலம். காலையில் வாசல் பெருக்குவது நான். செத்த மரம் என்னால் பிழைத்துவிட்டது என்று அன்றைக்குத் தெருத்தெருவாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். கேட்டவர்கள் ஒருவர் விடாமல், "ஆமாண்டி, கஞ்சி குடிச்ச மரமாச்சே" என்றார்கள். அத்தனை பேரையும் அம்மா முன்கூட்டியே வீடு வீடாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தாள் என்பதுதான் எனக்குத் தெரியாமல் போயிற்று.