முந்நூறு சுற்று

உண்ணாமலைக்கு ஓர் இடத்தில் உட்காரத் தெரியாது. கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் இடம் கிடைத்தாலும் நின்றபடியேதான் வருவாள். 1987 ஆவணியில் அந்தத் தவிப்புக்குக் காரணமும் இருந்தது. டிப்ளமா முடித்தவளுக்குத் திருவண்ணாமலையில் தண்டாயுதபாணியின் எலக்ட்ரானிக்ஸ் பட்டறையில் ஒரு மாதம் சோதனை வேலை. அது நிலைக்காவிட்டால் தை பிறந்ததும் மாமன் மகனுக்குக் கழுத்தை நீட்ட வேண்டும் என்று அப்பா சடையன் கறாராகச் சொல்லிவிட்டார். மாமன் மகன் நல்லவன். அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சல்.

மோட்டாருக்குக் காயில், அதாவது செம்புக் கம்பிச் சுருள், சுற்றும் மெஷினுக்கு மூளை வைப்பது அவள் வேலை. எத்தனை சுற்று என்று பட்டனில் அடிக்கிறோமோ, அத்தனையில் அது நிற்க வேண்டும். 60 என்று அடித்தால் மெஷினுக்கு அது ஆறு, பூஜ்ஜியம் என்ற இரண்டு எழுத்துகள்தான். ஒவ்வோர் எழுத்தின் குறியெண்ணிலிருந்தும் பூஜ்ஜியத்தின் குறியெண்ணான நாற்பத்தெட்டைக் கழித்து, முந்தியதைப் பத்தால் பெருக்கிக் கூட்டினால்தான் அறுபது கிடைக்கும். இதை அசெம்பிளி மொழியில் வரிவரியாக அவளே எழுதினாள். அறுபது, எண்பது, தொண்ணூறு என்று போட்டுப் பார்த்தாள். எல்லாம் கச்சிதமாக நின்றது. பம்புசெட்டு மோட்டாருக்கு அதற்குமேல் ஏது சுற்று? அவள் ஊரில் வேறு மோட்டாரை யார் கண்டார்கள்?

மாதக் கடைசி வெள்ளிக்கிழமை மெஷினை எடுத்துப்போக, அதற்கு ஆர்டர் கொடுத்திருந்த வைண்டிங் கடை காசி வந்தார்.

"ஃபேனுக்குக் காயில் சுத்தணும்மா," என்று 300 அடித்தார்.

மெஷின் நாற்பத்துநான்கில் நின்றுவிட்டது.

"கரண்டு கம்மியா வருதுங்க," என்று தண்டாயுதபாணி சமாளித்தார்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் வேலை பிழைக்கும். ஆனாலும் உண்ணாமலைக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"கரண்டு இல்லீங்க. தப்பு என்னுது. அந்த நம்பருக்கு மெமரில நான் ஒதுக்கின எடத்துல எரநூத்தம்பத்தஞ்சுக்கு மேல கொள்ளாது. தாண்டினா திரும்பவும் ஜீரோலருந்து வருது, முந்நூறு நாப்பத்துநாலாயிடுது. ஒரு மணி நேரம் குடுங்க."

முதலாளி முறைத்தார். காசி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

எண்ணுக்கு ஒரு பைட் மெமரி இருந்த இடத்தில் இரண்டு பைட் ஒதுக்கி, பெருக்கலைத் திருத்தினாள். அவசரத்தில் ஒரு குறியைத் தப்பாக அடித்தாள். அழித்துவிட்டு மறுபடி அடித்தாள். மீண்டும் 300 போட்டதும் மெஷின் நாற்பத்துநான்கைத் தாண்டியது. இருநூற்றைம்பத்தைந்தையும் தாண்டியது. முந்நூற்றில் நின்றது.

"மறைக்காம சொல்லுச்சே இந்தப் பொண்ணு, அதுக்கே எடுத்துக்கறேன்," என்றார் காசி.

தண்டாயுதபாணி அவள் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: "திங்கக்கெழம ஒம்போது மணிக்கெல்லாம் வந்துடு."

உண்ணாமலைக்குக் கண் நிறைந்து வழிந்தது.

"இன்னும் ஆயிரம் போட்டுப் பாக்கலியே சார்," என்றாள் அழுதுகொண்டே.