என் வீட்டுக்காரருக்கு நடந்த ஆபரேஷன்

மூன்றாவது பிரசவத்தில் எனக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. புத்தூர் ஆஸ்பத்திரியில் பிழைத்து எழுந்ததும், இன்னொரு பிள்ளை என்றால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை என்றார் டாக்டரம்மா. என் உடம்பில் ரத்தம் குறைவு, இப்போதைக்கு எனக்குக் கத்தி வைக்க முடியாது; ஆணுக்குக் கருத்தடை ஆபரேஷன் செய்வது சுலபம் என்றும் சொன்னார்.

எமர்ஜென்சியின்போது, கட்டாய ஆபரேஷனுக்கு ஆள் பிடிக்க வரும் ஜீப் சத்தம் கேட்டாலே கரும்புக்குள் ஓடி ஒளிந்தவர் என் வீட்டுக்காரர். வீடு வந்த பிறகு என் பக்கத்தில் படுக்கவே பயந்தார். நானும் பயந்தேன்.

ஒருநாள் காலையில், கிளம்பு என்றார். பஸ் நிற்கும் இடத்தில் அவருடைய அண்ணன் மறித்துக்கொண்டார்.

"கத்தி வச்சிக்கினா அப்புறம் ஏர் புடிக்க முடியாதுடா. ஊரே சிரிக்கும்."

"இவ செத்துப்பூட்டா புள்ளைங்களுக்கு நீ சோறு ஆக்கிப் போடுவியா?" என்றார் இவர். அண்ணன் காறித் துப்பிவிட்டு விலகினார்.

ஆபரேஷன் சீக்கிரமே முடிந்தது. மூன்று மாதம் நிரோத் உறை போடாமல் சேரக்கூடாது, பிறகு வந்து பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். அந்தக் கெடு முடிவதற்குள் எனக்கு நாள் தள்ளிப்போனது.

யாரிடம் சொல்வது? கர்ப்பம் என்றால் நான் சாகலாம். சாகாவிட்டாலும், ஆபரேஷன் ஆனவன் பெண்டாட்டி எப்படி உண்டானாள் என்று அண்ணன் வீட்டிலிருந்தே பேச்சு கிளம்பும். கடைசியில், வேர்க்கடலைக் கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்தவரிடம் போய்ச் சொன்னேன். அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவர் களைக்கொட்டைக் கீழே வைத்தார்.

"தப்பு ஆகியிருந்தா அது என்னுது. நீ இன்னாத்துக்கு அழுதுகினு கீற? வா, டாக்டரம்மாகிட்ட போலாம்."

அப்படியே கை கால் கழுவிக்கொண்டு கிளம்பினோம். ஆஸ்பத்திரி பெஞ்சில் எங்கள் முறைக்குக் காத்திருந்தோம். சோதித்துவிட்டு, கர்ப்பம் இல்லை, ரத்தம் இல்லாத உடம்புக்கு இப்படித் தள்ளிப்போகும் என்றார் டாக்டரம்மா. இவர் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

கெடு முடிந்து செய்த பரிசோதனையில் அவருக்கும் எல்லாம் சரியாக இருந்தது. மழை விழுந்ததும் எப்போதும் போல ஏர் ஓட்டினார். அண்ணன் மட்டும் வெகுகாலம் எங்கள் வீட்டில் கை நனைக்கவில்லை.

அந்த வருஷம் தெருவில் இருவர், யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து இவரிடம் வந்து விசாரித்தார்கள். வலியைப் பற்றியும் பயத்தைப் பற்றியும் ஒளிக்காமல் சொன்னார். ஒருவர் வேண்டாம் என்று போய்விட்டார். மற்றவரை இவரே புத்தூருக்குக் கூட்டிக்கொண்டு போனார்.