திரை விதி

திரைச்சீலைக் கடையில் எல்லோருக்கும் அவர் இஞ்சக்கா. ஜன்னல் அளவில் அரை இஞ்ச் சந்தேகம் இருந்தாலும் துணியில் கத்தரி வைக்க மாட்டார். போய் மறுபடி அளந்துகொண்டு வா என்று ஆளைத் திருப்பி அனுப்பிவிடுவார். அளவு விஷயத்தில் அவர் தப்பு என்று யாரும் சொன்னதில்லை. மற்ற விஷயங்களில் சொல்லியிருக்கலாம், ஆனால் அவர் ஒத்துக்கொண்டதில்லை.

மதியச் சாப்பாடு முடிந்ததும் வெட்டும் மேஜையின் ஓரத்தில் உட்கார்ந்து சுடோகு போடுவார். சாதாரண சுடோகு என்றைக்கோ அலுத்துவிட்டது. வரிசையிலும் பத்தியிலும் பெட்டியிலும் ஒரே எண் இரண்டு தடவை வரக்கூடாது என்பதற்கு மேல் இன்னொரு விதியும் சேர்த்துக் குழப்புகிற புதிர்கள்தான் அவருக்குப் பிடிக்கும். அப்படிப்பட்டவர்களின் குழு ஒன்று செல்பேசியில் இருந்தது. யாராவது புது விதி கண்டுபிடித்துப் போட்டால் அன்று முழுக்க அதே பேச்சாக இருக்கும். தன் பங்குக்கும் ஒரு விதி போட்டுவிட வேண்டும் என்று இஞ்சக்கா தலையை உடைத்துக்கொண்டார். யோசித்து வைத்ததெல்லாம் ஏற்கெனவே யாரோ போட்டதாக இருந்தது.

ஒரு நாள் காலையில் துணி வெட்டிக்கொண்டிருக்கும்போது வலது கண்ணின் ஓரத்தில் கறுப்பாக ஏதோ இறங்கியது. மேலே தொங்கவிட்ட மாதிரித் துணிதான் நழுவுகிறது என்று நினைத்துக் கையால் தள்ளினார். கை காற்றில் போனது. விழித்திரை பிய்ந்துவிட்டது என்றார் டாக்டர். அன்றே அறுவைச் சிகிச்சை. கண்ணுக்குள் வாயுவை நிரப்பி, பிய்ந்த இடம் ஒட்டும் வரை குப்புறப் படுத்தே இருக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். இடது கண்ணிலும் ஒரு சிறு கிழிசலை லேசரால் அடைத்திருந்ததால் அதற்கும் கட்டு.

கணவர் லாரி ஓட்டுகிறவர். பாதி நாள் வெளியூரில் இருப்பார். பார்த்துக்கொள்ள அவருடைய தங்கை லீவு போட்டுவிட்டு வந்தாள். பஸ் நிலையத்தில் ஒலிபெருக்கியில் அறிவிப்புச் செய்கிற வேலை அவளுக்கு. அண்ணியும் நாத்தனாரும் முகம் கொடுத்துப் பேசுவதே கிடையாது. நாத்தனார் புது வீட்டுக்குக் குடிபோன அன்று திரை மாட்ட வந்த இஞ்சக்கா, கூடத்துச் சுவரே கோணல் என்று விருந்தாளிகள் முன்னால் சொல்லிவிட்டார். சுவர் கோணல்தான். அதுதான் நாத்தனாருக்குப் பொறுக்கவில்லை.

முதல் இரண்டு நாள் வேளாவேளைக்குச் சாப்பாடும் சொட்டு மருந்தும் வந்தன, பேச்சு வரவில்லை. தலையணைப் பள்ளத்தில் முகத்தைப் புதைத்துக் கிடந்த இஞ்சக்காவுக்குப் பைத்தியம் பிடிக்கும்போல் ஆகிவிட்டது. கடைசியில் வீம்பை விட்டு, பேப்பரில் வந்த சுடோகுவைப் படிக்க முடியுமா என்று கேட்டார். நாத்தனார், பழக்கதோஷத்தில், தடம் எண் அறிவிக்கிற அதே குரலில் படித்தாள். மூன்றாவது வரிசைக்குள் இஞ்சக்காவின் தலைக்குள் எல்லாம் கலைந்துவிட்டது. எண்பத்தொரு கட்டத்தை மனசில் பிடித்து வைக்க யாரால் முடியும்? சிறிய கட்டமாக, ஆறுக்கு ஆறாகப் போட்டுப் பார்த்தார். அதுவும் நழுவியது.

ஒரு சாயங்காலம் வெயில் அடிக்கிறதென்று நாத்தனார் ஜன்னல் திரையை இழுத்து மூடினாள். இரண்டு பக்கத் துணியும் கம்பியில் ஓடி வந்து நடுவில் மோதிய சத்தம் கேட்டது. பூப்போட்ட திரையில் இடது துணியை வெட்டினால் வலது துணி கண்ணாடியில் பார்ப்பதுபோல் அதற்கு நேர் எதிராக வர வேண்டும். வாழ்நாள் முழுக்க அவர் வெட்டியது அப்படித்தான்.

அதைத்தான் விதியாக்கினார். ஆறுக்கு ஆறு கட்டத்தின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு கோடு. அந்தக் கோட்டில் புத்தகத்தைப் போல மூடினால் எந்தக் கட்டத்தின் மேல் எது விழுகிறதோ, அந்த இரண்டும் சேர்ந்து ஏழு ஆக வேண்டும். இடது ஓரத்தில் ஒன்று என்றால் வலது ஓரத்தில் ஆறு. அப்புறம் பாதிக் கட்டத்தை மனசில் வைத்துக்கொண்டால் போதும், மீதி தானாக வரும்.

நாத்தனார் பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, யோசனையாகச் சொன்னாள்.

"அப்ப ஒரு வரிசையில இந்தப் பாதியில ரெண்டு வந்தா, அஞ்சு இந்தப் பாதியில வரவே முடியாது. இல்லையா அண்ணி?"

இஞ்சக்கா தலையணையிலிருந்து முகத்தைத் தூக்கப் போய், டாக்டர் சொன்னது நினைவு வந்து மறுபடி புதைத்துக்கொண்டார். அவருக்கே அது தோன்றியிருக்கவில்லை. புதிரின் உயிரே அந்த இடத்தில்தான் இருந்தது.

அன்றிரவு முழுப் புதிரையும் மனசுக்குள்ளேயே செய்து, காலையில் எண்களைச் சொன்னார். நாத்தனார் காப்பி ஆறிப்போகும் வரை போட்டாள்.

"நான் எங்கயோ தப்பு பண்ணிட்டேன் அண்ணி. கடைசி ரெண்டு வரிசை ரெண்டு விதமா வருது. ரெண்டுமே சரியா இருக்கு."

இஞ்சக்கா இரண்டு விதத்தையும் சொல்லச் சொல்லிக் கேட்டார்.

"நீ ஒண்ணும் பண்ணல. தப்பு என்னோடது. விடை ஒண்ணுதான் வரணும், இன்னும் ஒரு எண் குடுத்திருக்கணும்."

"இத்தனை வருஷத்துல உங்க வாயால இதைக் கேக்கறது இதுதான் முதல் தடவை" என்றாள் நாத்தனார். தலையணைக்குள்ளிருந்து சிரிப்பு வந்தது.

பிறகு அந்த வீட்டில் ஓயாத பேச்சு. வெளியூரிலிருந்து திரும்பிய கணவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போது "மூணு, காலி, ஆறு" என்று தங்கையின் குரல் கேட்டு, வீட்டிலும் பஸ் விடுகிறார்களா என்று கேட்டாராம்.

திருத்திய புதிரை நாத்தனார்தான் குழுவில் ஏற்றினாள். கொண்டாட்டமாக ஒன்றும் நடக்கவில்லை. நாலைந்து பேர் போட்டுப் பார்த்து நன்றாக இருக்கிறது என்றார்கள். பெரிய கை ஒருவர், ரொம்ப எளிது, எதிரெதிர்க் கட்டங்களைக் கூட்டுகிற விதிகள் முன்பே உண்டு என்று எழுதிவிட்டுப் போனார். படித்துக் காட்டும்போது நாத்தனாரின் குரல் இறங்கிவிட்டது. இஞ்சக்காவுக்கும் வலித்தது. ஆனால் நாத்தனார் சும்மா இருக்கவில்லை. பேப்பர் பேனா இல்லாமல் கண்ணை மூடிக்கொண்டு போட்டுவிட்டு எளிதா என்று சொல்லுங்கள் என்று அவருக்குப் பதில் எழுதிவிட்டாள். இரண்டு நாள் கழித்து அந்த மனிதரிடமிருந்து பதில் வந்தது: முயன்றேன், நாலாவது வரிசையில் தொலைந்துவிட்டேன்.

கண் பிழைத்தது; பழையபடி ஆகவில்லை. நேர்க்கோடு நெளிந்து தெரிகிறது. கோடு போட்ட துணியை இனி வெட்ட முடியாது என்று அவரே முதலாளியிடம் சொல்லிவிட்டு, வாடிக்கையாளரோடு பேசித் துணி தேர்ந்தெடுத்துக் கொடுக்கிற வேலைக்கு மாறிக்கொண்டார். மேஜையை வேறு ஒருத்தியிடம் ஒப்படைத்த அன்று வீட்டுக்கு வந்து நேரே படுத்துவிட்டார்.

போன் அடித்தது. இரண்டு அறிவிப்புகளுக்கு நடுவில் கிடைத்த இடைவெளியில் நாத்தனார். முதல் முதலாகத் தானே ஒரு புதிர் செய்திருப்பதாகச் சொல்லி, இடது பாதி எண்களை வரிசையாகப் படித்தாள். இஞ்சக்கா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"இதுக்கு விடையே வராதும்மா. ரெண்டாவது பத்தியில நாலு ரெண்டு தடவை வருது."

"இருங்க, பஸ் வந்துடுச்சு. சொல்லிட்டு வந்து சண்டை போடறேன்" என்றாள் நாத்தனார். போனை வைக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டு காத்திருந்தார் இஞ்சக்கா.