சவரிமுத்து கொட்டிய தண்ணீர்

வெள்ளிக்கிழமை காலை மீன்கூடையை என் வாசலில் இறக்கிய லூர்து, "சார், அந்தத் தண்ணிக்காரன் செத்துப் பூட்டான்" என்றாள். "கத்திவாக்கத்துக்கு இறா எடுக்கப் போனேன். அங்க சொன்னாங்கோ. எங்கப்பனுக்கு ஒரு வாய் தண்ணி குடுக்காதவன், தூங்கிகினே பூட்டானாம். நாயம் கீதா சார் இது?" பிறகு, வெயில் பேஜாரா கீது என்று ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டாள். கொடுத்தேன்.

அவள் தண்ணிக்காரன் என்ற சவரிமுத்துவோடு ராயபுரத்து மருத்துவமனையில் வேலை பார்த்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். லூர்து என்பது அவளுடைய உண்மைப் பெயரல்ல. உங்களுக்கு ஆள் தெரியும்.

அறுபதுகளில், நான் பள்ளி ஆசிரியராக இருந்தபோது, ஒரு கோடை விடுமுறை. டைபாய்டு கண்ட என் மனைவி கீழ்த்தள வார்டில் ஐந்தாவது கட்டிலில் கிடந்தாள். நான் பகல் முழுவதும் அங்கேதான். வார்டு மூலையில் இரண்டு பீங்கான் ஜாடிகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். மேல் ஜாடியில் ஊற்றும் குழாய்த் தண்ணீர், மெழுகுவர்த்தி போன்ற ஒரு வெள்ளைக் குழல் வழியே கசிந்து கீழ் ஜாடியில் சொட்டும். அதற்குப் பொறுப்பு வார்டு ஊழியர் சவரிமுத்து. சனிக்கிழமைதோறும் குழலைக் கழற்றி வாளித் தண்ணீரில் முக்கி, அதன் காம்பில் வாய்வைத்து ஊதுவார். குமிழி கிளம்பினால் எங்கோ மயிரிழை விரிசல் என்று பொருள். அந்தக் குழல் குப்பைக்குப் போகும்.

"இன்னா சவரி, நாதஸ்வரமா?" என்பார்கள் நோயாளிகள்.

"உன் கல்யாணத்துக்கு ஒத்திகை, நைனா. எழுந்து உக்காரு மொதல்ல" என்பார்.

மூன்றாவது கட்டிலில் லூர்துவின் அப்பா. துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். ஒரு நடுப்பகல், லூர்து மேல் ஜாடியைச் சற்றே சாய்த்துக் கீழ் ஜாடிக்குள் ஒரு பாட்டிலைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே வந்த சவரிமுத்து, "இன்னாம்மா ஊத்துற?" என்று கேட்டார்.

"மாதா கோயில் கிணத்துத் தண்ணி. எங்கப்பனுக்கு மட்டும் குடுத்தா நல்லாவா கீது? எல்லாரும் பொழைக்கட்டும்."

ஞாயிறுதோறும் அதே கோயிலில் முழங்காலிட்டவர் சவரிமுத்து. ஜாடியின் குழாயைத் திறந்து அத்தனையையும் சாக்கடையில் விட்டார். "மாதா கோச்சுக்க மாட்டா. பேதிதான் கோச்சுக்கும்" என்றார்.

வகுப்பில் இதற்கு ஓர் உதாரணம் சொல்வேன். தேங்காய்த் துருவலைத் துணியில் பிழிந்தால் பால் இறங்கும், சக்கை மேலே நிற்கும். இறங்கிய பாலில் ஒரு பிடி மண்ணைப் போட்டால் துணி என்ன செய்யும்?

ஜாடியைக் கொதிநீரில் கழுவியாயிற்று. மறுபடி நிறையச் சாயங்காலமாகும். சமையற்கட்டில் ஒரு பாத்திரம் கொதித்துக்கொண்டிருந்தது. அப்போதுதான் லூர்துவின் அப்பா, அந்தப் பெரியவர், "தம்பி, ஒரு வாய்..." என்றார். வடிகட்டாத தண்ணீர் வரும் குழாய் பத்தடி தூரத்தில் இருந்தது. டம்ளரோடு ஓடிய லூர்துவின் கையிலிருந்து அதைப் பிடுங்கினார் சவரிமுத்து. "ரெண்டு நிமிசம் பொறும்மா." கொதிநீரை மொண்டு, டம்ளருக்கு டம்ளர் மாற்றி ஆற்றிக்கொண்டே வந்தார். விரல்களெல்லாம் வெந்து சிவந்துவிட்டன. மூன்றாவது கட்டிலுக்கு அவர் வந்து சேர்ந்தபோது பெரியவரின் கண்கள் நிலைத்திருந்தன.

இதயம் நின்றுவிட்டது, தண்ணீர் கொடுத்திருந்தாலும் இதுதான் என்றார் மருத்துவர். அது யார் காதிலும் விழவில்லை. லூர்து அந்த டம்ளராலேயே சவரிமுத்துவின் முகத்தில் அடித்தாள். நீங்கள் அவரைக் கல்நெஞ்சுக்காரன் என்றீர்கள். நான் என் மனைவியின் கட்டில் பக்கம் திரும்பிக்கொண்டேன். மறுநாளே அவரைப் பிணவறைக்கு மாற்றினார்கள்.

"இங்க எவனும் தண்ணி கேக்க மாட்டான் சார்" என்றார் என்னிடம். சிரிக்கத்தான் முயன்றார்.

மூன்றாம் நாள் மேல்மாடி வார்டில் இருவருக்குக் காலரா. அவர்களில், பிள்ளை பெற்று நாலு நாளான ஒருத்தி இறந்தாள். அங்கே வடிகட்டி கிடையாது, மண்பானைதான். பாட்டிலில் பாதித் தண்ணீரை லூர்து முதலில் அந்தப் பானையில்தான் ஊற்றியிருந்தாள். மேல்மாடி ஆயா சவரிமுத்துவிடம் மட்டும் சொன்னதை அவர் என்னிடம் மட்டும் சொன்னார். அன்றே பாதிரியாரைப் பார்த்துக் கிணற்றுக்கு பிளீச்சிங் பவுடர் போட வைத்தார். யார் ஊற்றியது என்று அங்கேயும் சொல்லவில்லை.

"அவளிடம் சொல்லிவிடலாம், உங்கள் பெயராவது மிஞ்சும்" என்றேன்.

"வாணாம் சார். இப்பத்தான் அப்பனைப் பொதைச்சிட்டு வந்துருக்கா. அவ தலைல இன்னொரு பொணத்தை வைக்கணுமா? என்னையே திட்டிகினு இருக்கட்டும்."

அவளிடமும் வேறு யாரிடமும் சொல்வதில்லை என்று அவருக்கு வாக்குக் கொடுத்தேன். அவள் திட்டினாள். எதிரே வந்தால் தெருவில் காறித் துப்பினாள். அவர் ஓய்வுபெற்றுக் கத்திவாக்கம் போகும்வரை அது நிற்கவில்லை.

கீழ் வார்டில் ஒருவருக்கும் காலரா வரவில்லை. ஆகாத ஒன்றுக்கு யார் நன்றி சொல்வார்கள்? என் மனைவி பிழைத்தாள். சவரிமுத்து கத்திவாக்கம் போகும்போது ஊதிப் பார்த்துக் கொடுத்த ஒரு குழல் எங்கள் வீட்டு வடிகட்டியில் இருக்கிறது. தேய்த்துத் தேய்த்து இளைத்துவிட்டது. சனிக்கிழமைகளில் நானும் ஊதிப் பார்க்கிறேன். வெள்ளிக்கிழமைகளில் லூர்து அதில்தான் குடிக்கிறாள். "உங்க வூட்டுத் தண்ணி தனி ருசியா கீது சார்" என்பாள்.

அந்தக் குழலும், அவருக்கு நான் கொடுத்த வாக்கும் என்னிடம் இருக்கின்றன. அவரைப் பற்றி நீங்கள் சொன்னது தவறு என்று சொல்ல வேண்டியிருந்ததால் வாக்கில் பாதியை இன்று உடைத்துவிட்டேன். மீதிப் பாதி உங்கள் கையில். லூர்துவுக்குப் படிக்கத் தெரியாது. யாரும் இதைப் படித்துக் காட்டிவிடாதீர்கள். அவள் திட்டிக்கொண்டே இருக்கட்டும்.