படித் திருப்பத்தில் நின்ற மெஷின்

கவுண்டர் வேலைக்கு ஒரு ஸ்டூல் கொடுப்பார்கள். அதில் உட்கார்ந்த மறு நிமிஷம் ஓனர் வந்து நிற்பார். காலையில் பளிச்சென்று வந்து நின்று, சாயந்திரம் செருப்புக்குள் கால் நுழையாமல் பஸ் ஏறினவர்கள் யாராவது இதைப் படித்தால், இது உங்களுக்காக எழுதியது. மற்றவர்களும் படிக்கலாம், ஆனால் பாதி புரியாது.

மேலே அக்கா, கீழே நான்

மல்லேஸ்வரத்தில் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கடையில் நான் வேலை பார்த்தேன். தொண்ணூறுகளின் கடைசி. கடைக்கு ஒரு மாடி உண்டு. கீழே என் கவுண்டர்: வாக்மேன், கால்குலேட்டர், கைக்கடிகாரம், உள்ளங்கையில் வைத்து ஆடும் வீடியோ கேம். மேலே விமலாக்காவின் கவுண்டர்: டிவி, டெக், டிவியில் சொருகி ஆடும் வீடியோ கேம். கூடவே எடுத்துக்கொண்டு போகிற சாமானெல்லாம் கீழே, வீட்டில் வைத்துவிட்டுப் போகிற சாமானெல்லாம் மேலே. அக்கா மேலிருந்து ஒரு பென்சில் பேட்டரிகூட விற்க மாட்டார். நானும் ஒரு ப்ளக்கைத் தொட மாட்டேன். அவ்வளவு கறார்.

அந்த வருஷம் மாடியை வாடகைக்குக் கேட்டு ஒரு கம்ப்யூட்டர் கிளாஸ்காரர் நடையாய் நடந்தார். அப்போது மல்லேஸ்வரத்தில் சந்துக்குச் சந்து கம்ப்யூட்டர் கிளாஸ். ஓனர் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டு, ஆயுத பூஜை வரைக்கும் பார்க்கப் போவதாகவும், எந்தக் கவுண்டர் நன்றாக ஓடுகிறதோ அது கீழே இருக்கட்டும், மற்றதை நிறுத்திவிடலாம் என்றும் சொன்னார். கவுண்டரை நிறுத்துவது என்றால் அதற்குப் பின்னால் நிற்கிறவளையும் சேர்த்துத்தான். அதை அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

அன்றைக்கு மத்தியானம் நான் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து மறுபடி மூடி வைத்தேன். நாங்கள் குடியிருந்த அடுகோடியிலேயே என் வீட்டுக்காரருக்கு ஒரு ஒர்க் ஷாப்பில் வேலை. ஆர்டர் இருந்தால் சம்பளம், இல்லாவிட்டால் வீட்டில் கட்டில். விமலாக்கா கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை, அண்ணன் வீட்டோடு இருந்தார். டப்பாவில் ரசம் சாதத்தைப் பிசைந்துகொண்டே சர்வ சாதாரணமாகச் சொன்னார்: "சம்பளம் கொண்டுபோற வரைக்கும் நான் அந்த வீட்டுக்கு அத்தை. அதுக்கப்புறம் என்னன்னு பார்க்க எனக்கு இஷ்டமில்ல சாந்தி."

ரெண்டுங்கெட்டான்

இந்த நேரம் பார்த்துத்தானா அது வந்து சேர வேண்டும்! சிங்கப்பூரிலிருந்து சாமான் கொண்டுவரும் ஏஜெண்ட் ஒருவர் ஒரு அட்டைப்பெட்டியை இறக்கிவிட்டுப் போனார். உள்ளே புது மாதிரி வீடியோ கேம் மெஷின்கள். நடுவில் சின்னத் திரை, இரண்டு பக்கமும் பட்டன், பேட்டரி போட்டால் கையிலேயே ஆடலாம். ஆனால் ஓரத்தில் ஒரு ஓட்டை. அதில் ஒயரைச் சொருகி டிவியில் மாட்டினால் டிவியில் ஆடும். போதாக்குறைக்கு, மேலே அக்கா விற்கிற அதே கேசட்தான் இதற்கும்.

நான் மெஷினைக் கையில் எடுத்தேன். அக்கா ஒயரைக் கையில் எடுத்தார். இரண்டு பேரும் விடவில்லை. ஓனர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி மாட்டினார், பெட்டியில் எழுதியிருந்ததைப் படித்தார். பெட்டியும் வீடு, வெளி இரண்டையும்தான் சொன்னது. கடைசியில் மாடிப்படி திரும்புகிற இடத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு, ஒரு மெஷினை மட்டும் சாம்பிளுக்கு அதன்மேல் வைக்கச் சொன்னார். வருகிறவரிடம் எங்கே வைத்து ஆடுவீர்கள் என்று கேட்க வேண்டும், அவர் சொல்கிற பதில்தான் தீர்ப்பு. கன்னடமும் தமிழும் கலந்த அவருடைய பாஷையில் கண்டிஷனாகச் சொல்லிவிட்டார்: "நோடம்மா, டிவின்னா மேல போகட்டும், கைன்னா கீழ வரட்டும். நடுவுல நின்னு யாரும் கஸ்டமர இழுக்கக் கூடாது."

பஸ்ஸில் ஆடுகிறவர்

முதல் ஆள் எனக்குத்தான் மாட்டினார். சேலத்துப் பக்கத்துப் பையன், எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை. மல்லேஸ்வரத்தில் நாலு பேரோடு ரூம், ரூமில் டிவி கிடையாது. எங்கே ஆடுவீங்க என்று நான் கேட்டு முடிப்பதற்குள், கம்பெனி பஸ்ஸில்தான் என்றார். ஓசூர் ரோட்டில் பஸ் நிற்கிற நிற்புக்கு ஒரு படமே பார்த்து முடித்துவிடலாம் என்று அலுத்துக்கொண்டார். நான் மாடியைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தேன். அக்கா ஒரு டிவியைத் துடைக்க ஆரம்பித்தார். ஏற்கெனவே துடைத்த டிவிதான்.

கொஞ்ச நாள் கழித்து இன்னொரு கேசட் வாங்க வந்தார். எப்படிங்க இருக்கு, கையில் வைத்து ஆடச் சௌகரியமா என்று, மாடிக்குக் கேட்கும்படியாகக் கொஞ்சம் உரக்கவே கேட்டேன். அவர் நொந்துபோய்ச் சிரித்தார். பக்கத்து சீட்காரர் வலது பக்கம் போகச் சொல்கிறாராம், பின்சீட்காரர் குதிக்கச் சொல்கிறாராம், டிரைவர் சிக்னலில் நிற்கும்போது யார் ஜெயித்தது என்று விசாரிக்கிறாராம். "இது கையில ஆடுறதுன்னு எந்த அர்த்தத்துல சொன்னீங்கக்கா? எங்க பஸ்ஸே சேர்ந்து ஆடுது, எனக்குத்தான் இன்னும் டர்ன் வரல."

முதுகாவது தெரியும்

ஒரு சனிக்கிழமை புருஷன் பெண்டாட்டியாக வந்தார்கள். கல்யாணமாகி ரொம்ப நாள் ஆகியிருக்காது. அவர் ஸ்டூலுக்குப் பக்கத்தில் நின்றபடியே மெஷினை எடுத்து ஆட ஆரம்பித்துவிட்டார். நாங்கள் இரண்டு பேரும் ஓடினோம், நான் கீழேயிருந்து, அக்கா மேலேயிருந்து. வழக்கமான கேள்வியைக் கேட்டேன். தலையை நிமிர்த்தாமலே "கையில" என்றார். அந்தப் பெண் "டிவியில" என்றாள்.

அவர், டிவியை அடைத்துக்கொண்டால் நீ சீரியல் பார்ப்பது எப்படி என்று தியாகி மாதிரி கேட்டார். சீரியல் போனால் போகிறது என்றாள். இவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. என் வீட்டிலும் ஒருவர் பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு ஊம், ஊம் என்று பதில் சொல்கிறவர்தான். வருகிற கஸ்டமர் என் பக்கம் வந்துவிட வேண்டும் என்று எனக்கும் ஆசை, அது என் பிழைப்பு. ஆனால் அந்தப் பெண் என்னைப் பார்த்துச் சொன்னதற்கு அப்புறம், மேலே போங்கம்மா என்று நானே கை காட்டிவிட்டேன். அவள் சொன்னது: "டிவில ஆடினா ஒரே ரூம்ல உட்கார்ந்து அவர் முதுகையாவது பார்த்துட்டு இருப்பேன். கையில குடுத்துட்டீங்கன்னா, வீட்டுல ஆள் இருந்தும் இல்லாத மாதிரிதான்."

ஒயரும் பேட்டரியும்

ரொம்ப நல்லவர்களாக இருந்துவிடவில்லை நாங்கள். ஆயுத பூஜை நெருங்க நெருங்க மெஷினுக்கு விசித்திரமான வியாதிகள் வந்தன. காலையில் நான் வந்து பார்த்தால் பேட்டரி செத்துக் கிடக்கும். முந்தின நாள்தான் புதுசு போட்டிருப்பேன். பேட்டரி இல்லாத மெஷின் கையில் செங்கல்தானே, கஸ்டமர் டிவியைத் தேடி மேலே போவார். அதே மாதிரி, டிவிக்கான ஒயர் திடீர் திடீரென்று காணாமல் போகும். அக்கா மாடி முழுக்கத் தேடுவார். கஸ்டமருக்குப் பொறுமை போய், சரி பேட்டரியிலேயே காட்டுங்க என்று கீழே வருவார்.

இரண்டு பேரும் தெரியாத மாதிரியே ஒரு வாரம் ஓட்டினோம். முகத்தைப் பார்த்துப் பேசுவது குறைந்து, சாப்பாட்டுக்குத் தனித்தனியாகப் போகிற அளவுக்கு வந்துவிட்டது. எனக்கு அழுகையாக வந்தது. இந்த ஊரில் எனக்கென்று வாய்த்த ஒரே சிநேகிதம் அது. ஒரு மத்தியானம் அக்கா டப்பாவோடு படியிறங்கி வந்து, என் கவுண்டருக்குப் பின்னால் கீழேயே உட்கார்ந்துகொண்டார். மூடியைத் திறந்து, பாதிச் சாதத்தை என் பக்கம் தள்ளினார். "பேட்டரிய மாத்தி வெச்சது நான். ஒயரை ஒளிச்சது நீ. சோறு ஆறுது, உட்காரு."

நேரம் போகணும்

அதற்கு மறு நாளோ என்னவோ, அடுகோடியிலிருந்து ஒருவர் வந்தார். எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி, பார்த்த முகம். பிரஸ் மெஷினில் இடது கை மாட்டி, மணிக்கட்டு வரை கட்டு. வேலைக்குப் போக முடியாது, எப்போது போக முடியும் என்று டாக்டரும் சொல்லவில்லையாம். வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறார் என்று அவர் தங்கை கூட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

கேள்வியைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஓனர் கல்லாவிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார், கேட்டேன். கேட்ட பிறகு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அவர் கோபப்படவில்லை. படியிலேயே உட்கார்ந்து, மெஷினை இரண்டு முழங்காலுக்கும் நடுவில் இடுக்கி வைத்துக்கொண்டு, வலது கையால் மட்டும் பட்டனைத் தட்டிப் பார்த்தார். திரையில் இருந்த சின்ன பொம்மை தத்தித் தத்தி ஒரு பள்ளத்தைத் தாண்டியது. அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது, அவர் தங்கை சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மெஷினைக் கட்டிக் கொடுக்கும்போது நான் அக்காவைப் பார்த்தேன், இதை நீங்களே உங்க கணக்கில் போட்டுக்குங்க என்றேன். உங்க பேட்டைக்காரர், நீயே போட்டுக்கோ என்றார் அக்கா. இத்தனை நாள் அடித்துக்கொண்ட நாங்கள் அன்றைக்கு ஒருத்தி பக்கம் ஒருத்தி தள்ளினோம். கைக்கட்டுக்காரர் போகும்போது திரும்பிச் சொன்னார், குற்றமாகச் சொல்லவில்லை: "கையா டிவியான்னு கேக்குறீங்களே, எனக்கு நேரம் போவணும்மா, அதுக்கு எந்தக் கவுண்டர்?"

பொரியும் தீர்ப்பும்

ஆயுத பூஜை அன்று கடையைக் கழுவி, வாசலில் வாழைக்கன்று கட்டி, கவுண்டருக்குக் கவுண்டர் பூ வைத்தோம். படித் திருப்பத்து மெஷினுக்கு யார் பொட்டு வைப்பது என்று ஒரு தயக்கம். அக்கா சந்தனம் வைத்தார், நான் குங்குமம் வைத்தேன். அந்த மெஷின் இரண்டு பக்கமும் ஏறக்குறைய சரிசமமாகத்தான் போயிருந்தது. யார் ஜெயித்தது என்று சொல்ல முடியாது என்பதால், இரண்டு கவுண்டரையும் விட்டுவிடுவார் என்று எனக்குள் ஒரு நப்பாசை. அக்காவுக்கும் இருந்திருக்கும், பட்டுப் புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தார்.

பூசணிக்காய் உடைத்து, பொரி கடலை கொடுத்து முடித்ததும் ஓனர் எங்களைக் கூப்பிட்டார். குரல் நல்லவிதமாகத்தான் இருந்தது. இரண்டு கவுண்டரையும் நிறுத்தப் போவதில்லை என்றார். எனக்கு உயிர் வந்தது. டிவி சாமானெல்லாம் கீழே வரும், சுவர் ஓரமாக வைத்துக்கொள்ளலாம், மாடி கம்ப்யூட்டர் கிளாஸுக்கு என்றார். இன்னும் எனக்கு விஷயம் ஏறவில்லை. அக்காவுக்கு ஏறிவிட்டது, கையில் இருந்த பொரியை மெல்லக் காகிதத்தில் மடித்தார். அக்கா சீனியர், என்னைவிடச் சம்பளம் கூட. அக்காவை நிறுத்தக் காரணம் அவ்வளவுதான், வேறு ஒன்றுமில்லை. ஓனர் அந்த மெஷினைத் தட்டிக் கொடுத்தபடி சொன்னார்: "இத்தன நாளா இது வீடா வெளியான்னு நானும் தலய ஒடச்சிக்கிட்டேன். இதோ, ஒரே மெஷின் ரெண்டு வேலயும் பாக்குது, ஒரு ஆள் பாக்க முடியாதா?"

அக்கா விற்ற கடைசிச் சாமான்

மாதக் கடைசி வரைக்கும் அக்கா வந்தார். டிவிகளை இறக்கும்போது எந்த டிவிக்கு எந்த ரிமோட், எந்த டெக் கேசட்டைக் கடிக்கும், எந்தக் கஸ்டமர் பழுதாகிவிட்டது என்று பொய் சொல்லுவார் என்று எல்லாவற்றையும் எனக்குச் சொல்லிக் கொடுத்தார். மன்னிச்சிடுங்கக்கா என்று சொல்ல நினைத்தேன், ஆனால் நான் என்ன தப்புப் பண்ணினேன் என்று எனக்கே தெரியவில்லை. வேலை எனக்கு மிச்சமானதில் ஒரு நிம்மதியும் இருந்தது. அது அக்காவுக்குத் தெரிந்துவிடக் கூடாதென்று குனிந்து ரிமோட்டுகளை அடுக்கினேன்.

கடைசி நாள் சாயந்திரம் ஒரு பெரியவர் பேரப் பிள்ளைக்கு வாங்க வந்து, மெஷினைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இது வீட்டில் வைப்பதா, வெளியே கொண்டுபோவதா என்று அவராகவே கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா முன்னால் வந்தார். பெட்டியைத் துடைத்து, ஒயரையும் பேட்டரியையும் சேர்த்து வைத்துக் கட்டினார். கட்டிய நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, வியாபாரத்துக்கென்று வைத்திருக்கும் அதே சிரித்த முகத்தோடு நீட்டினார். "குடுத்து வெச்ச மெஷின் சார். வீட்லயும் வெச்சுக்குவாங்க, வெளியவும் கூட்டிட்டுப் போவாங்க."

அக்கா போன பிறகும் அந்த மெஷினை நிறைய விற்றேன், ஆனால் கவுண்டரில் ஒருத்தி மட்டும் நின்றதால் அதை எங்கே வைத்து ஆடுவீர்கள் என்று யாரையும் கேட்க வேண்டிய அவசியமே வரவில்லை.