செல்லமுத்துவின் முடிச்சு

கயிற்று முடிச்சைப் பல்லால் கடித்து, தலையைப் பின்னுக்கு வெட்டி இழுத்துப் பார்த்த பிறகுதான் செல்லமுத்து சுமையைத் தோளுக்கு ஏற்றுவார். மிளகு மூட்டையோ, பலாப்பழமோ, அவர் கடிக்காத முடிச்சு மலையை விட்டு இறங்கியதில்லை. "கைக்கு அசதி இருக்குமுங்க. பல்லுக்கு என்ன அசதி?" என்பார். ஐம்பதைத் தாண்டியும் ஒரு பல் ஆடவில்லை. நம்பாதவர்களுக்கு வாயைத் திறந்தே காட்டுவார்.

அப்பன் அவருக்கு விட்டுப்போனது ஒரு கம்பளியும் ஓர் அரிவாளும். இன்றைக்கு மலைமேல் பைல் நாட்டில் அவருக்கு மிளகுக்கொடி உண்டு, பலா உண்டு, ஓடு வேய்ந்த வீடு உண்டு. எல்லாம் தோள் கொடுத்தது. வலது தோளில் எலுமிச்சை அளவுக்குக் காய்ப்பு உருண்டு நிற்கிறது. மலைக்கு ரோடு வரப்போகிறது என்று ஆபீஸ்காரர்கள் வந்து சொன்னபோது, "ரோடு எதுக்குங்க? இந்தா இருக்குது" என்று அந்தக் காய்ப்பைத் தட்டிக் காட்டினார். "செல்லமுத்து தோள்ல ஏறுனது நடுவழியில தரையத் தொட்டதில்லீங்க." சும்மா சொல்வதில்லை. பொய்யென்று சொல்ல மலையில் ஆளில்லை.

ஆள் இல்லாமல் இல்லை. வெள்ளையன் இருக்கிறார். இருவரும் ஒன்றாக மாடு மேய்த்தவர்கள். செல்லமுத்து எதைப் பெருமையாகச் சொன்னாலும் வெள்ளையன் ஒற்றை விரலை உயர்த்தி இப்படியும் அப்படியும் ஆட்டுவார். இல்லை என்று அர்த்தம். யார் வீட்டுப் பலா இனிப்பு என்ற வழக்கு மட்டும் அவர்களுக்குள் கல்யாணத்துக்கு முன்பிருந்து நடக்கிறது.

போன ஐப்பசியில் ஒரு காலை, வெள்ளையன் தொழுவத்தில் ரத்தமாகக் கக்கிக்கொண்டு விழுந்தார். அவர் மனைவி முனியாயி மழைச்சேற்றில் ஓடி வந்து, "அண்ணா, அவரு..." என்று தொழுவத்துப் பக்கம் கையைக் காட்டினாள். செல்லமுத்து தன் மனைவி அத்தாயியை வெள்ளையன் வீட்டுக் குழந்தைகளிடம் அனுப்பினார். மூங்கில் வெட்டினார். கம்பளியைத் தூளியாகக் கட்டி, இரண்டு முனை முடிச்சையும் கடித்து இழுத்தார். மலைக்குக் கீழே சேந்தமங்கலம் டாக்டரிடம் உயிரோடு கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அவ்வளவுதான் கணக்கு.

பின்தோள் கொடுக்க வந்த இளவட்டம் அர்த்தனாரி மெதுவாகச் சொன்னான்: "அண்ணா, எறக்கத்துல தலை கீழ போயிருமுங்க. காலை முன்னால உட்டுக்கலாமா?"

"உன்ர வாயில வசம்பு வெச்சுத் தேய்க்க! பொணமாடா தூக்கறோம்?"

மலையில் உயிரோடு இருப்பவன் தலை முன்னால் போவான். கால் முன்னால் போவது பிணம். அந்த முறையை மாற்ற அவர் யார்? தலையை முன்னால் வைத்தே தூக்கினார்.

அட்டை கடித்த காலோடு முனியாயி பின்னால் ஓடி வந்தாள். செல்லமுத்து தூளியோடு பேசிக்கொண்டே போனார். "டேய் வெள்ளையா, உன்ர பலாவ மாடுகூடத் திங்காதுடா. கேக்குதா?" தூளியிலிருந்து ஒரு விரல் எழுந்து ஆடும். "ஆங், ஆட்டு, ஆட்டு" என்று அவர் அடுத்த படியில் கால் வைப்பார்.

செங்குத்தான கற்படிகளில் அந்த விரல் எழவில்லை. தூளிக்குள் கொரகொரவென்று சத்தம். ரத்தம் வாய்க்குள் நின்று மூச்சை அடைத்துக்கொண்டிருந்தது.

"எறக்குடா," என்றார் செல்லமுத்து.

"நடுவழியிலீங்களா?" என்றான் அர்த்தனாரி.

"எறக்குடாங்கறேன்!"

சுமை தரையைத் தொட்டது. செல்லமுத்து கூட்டாளியின் முகத்தை ஒருக்களித்து, வாய்க்குள் விரலை விட்டுக் கட்டிகட்டியாக வழித்து எறிந்தார். மூச்சு இழுத்தது. உடனே தூளியைத் திருப்பினார். கால் முன்னால், தலை மேட்டுப் பக்கம்.

முனியாயி மூங்கிலைப் பிடித்துக்கொண்டாள். "வேண்டாங்ணா! கால் முன்னால போனவங்க யாரு திரும்பி வந்தாங்க? உங்க காலுல உழறேன்."

காலையில் அர்த்தனாரியிடம் அவரே சொன்ன பேச்சு அது. மழை பெய்துகொண்டிருந்தது. முகத்தில் வழிந்ததைத் துடைத்துக்கொண்டார்.

"அம்மிணி, பொணத்துக்கு முன்னால பொஞ்சாதி போவாளா?"

அவள் விழித்தாள்.

"போவாளா, மாட்டாளா?"

"மாட்டாளுங்..."

"அப்ப நீ முன்னால நட. அவன் உன்னப் பாத்துக்கிட்டே வரட்டும். எவன் பொணம்னு சொல்றான்னு பாத்தறலாம்."

முனியாயி கண்ணைத் துடைத்துக்கொண்டு முன்னால் போனாள். எதிரே சுமையோடு ஏறி வந்தவர்கள் தூளியில் நீட்டியிருந்த காலைப் பார்த்ததும் ஒதுங்கி நின்று தலைப்பாகையை அவிழ்த்தார்கள். "கட்டுங்கடா தலப்பாவ! உசுருள்ள மனுசன் வாரான்!" என்று செல்லமுத்து போட்ட சத்தம் பள்ளத்தில் இடித்துத் திரும்பியது. வழி நெடுக அவர் வாய் மூடவில்லை. விரல் மட்டும் எழவே இல்லை.

அடிவாரத்தில் மூங்கில் ஏற்ற வந்திருந்த லாரி அவர்களைச் சேந்தமங்கலத்தில் இறக்கியது. டாக்டர் ஊசி போட்டார், பாட்டில் ஏற்றினார். "ரத்தம் நிக்கணும். சாயங்காலம் வரைக்கும் ஒண்ணும் சொல்ல முடியாது" என்றார். முனியாயி கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அர்த்தனாரி மூங்கிலை வாசல் வேலியோரம் போட்டுவிட்டு டீக்குப் போனான்.

செல்லமுத்து அதைப் பார்த்தார். பிணம் கொண்டுபோன மூங்கிலைத்தான் போன இடத்தில் போட்டுவிட்டு வருவார்கள். போய் எடுத்தார். அன்றைக்குத்தான் அவரைப் பேச்சில்லாமல் பார்த்தேன் என்கிறான் அர்த்தனாரி.

கம்பளியை அவிழ்த்துக் குழாயடிக்குக் கொண்டுபோய், தண்ணீர் வெளுப்பாக ஓடும்வரை கசக்கினார். பிழிந்து உதறினார். வேலியோரம் குந்தி, மறுபடியும் மூங்கிலில் தூளி கட்டத் தொடங்கினார். வெள்ளையனைத் திரும்பத் தூக்கிக்கொண்டு மேலே ஏறும்போது தலை முன்னால் போனால் தலை மேட்டில்தான் இருக்கும். தலைமாட்டை முன்முனைக்கு வைத்து முடிச்சுப் போட்டார். ஆஸ்பத்திரிக்குள்ளிருந்து இன்னும் ஒரு சத்தமும் வரவில்லை. குனிந்து, அந்த ஈர முடிச்சைப் பல்லால் கடித்து, தலையைப் பின்னுக்கு வெட்டி இழுத்துப் பார்த்தார்.